காத்திருக்கும் மனைவியின் உரிமை



ரயில்வேயில் காத்திருப்போர் பட்டியலுக்கு ஓர் எண் உண்டு. யார் தயவுமின்றிப் பயணியே அதைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கிறோமே, அங்கே நம் பெண் நிற்கப்போகும் பட்டியலைப் பற்றி எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

கணவன் ஆதரவில் செல்லும் மனைவி, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு முன்பு 2 ஆண்டுகள் காத்திருந்தாள். 2012 ஜூலையில் அதை 5 ஆண்டுகளாக்கினார்கள். கணவனுக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுன் வேண்டுமென்றார்கள். 2024 ஏப்ரலில் அதுவும் 29,000 பவுனாயிற்று. குறைந்த கூலிக்காரனுக்குக் குடும்பம் எதற்கு என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்?

காத்திருக்கும் காலத்தில் அவளுக்கு அரசு உதவித்தொகை கிடையாது. விசாவோ கணவனை நம்பியது. அடித்தாலும் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

தோழர்களே, அந்தப் பயத்துக்கும் மருந்துண்டு. லண்டனில் 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்ற பெண்கள் அமைப்பு போராடியது. 1999-இல் சலுகை கிடைத்தது. 2002-இல் அதுவே விதியாயிற்று. கொடுமையால் மணவாழ்வு முறிந்தால், தக்க சான்றுடன் அவளே தன் பெயரில் நிரந்தர உரிமை கோரலாம்.

இது யாரும் போட்ட பிச்சையல்ல, போராடிப் பெற்றது. நகையோடு இந்தச் செய்தியையும் பெண்ணிடம் கொடுத்தனுப்புங்கள். பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்கட்டும். மனைவியின் உரிமை கணவனின் சம்பளச் சீட்டில் தொங்கக்கூடாது என்று நாமும் குரல் கொடுப்போம்.