ரோஸ் தீவில் ஒரு நாள்
(மாணவர் சுற்றுலாவைப் பற்றிச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சிற் பழகியவன் அல்லேன். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டு எழுதிக் கொடுத்து வாழ்கின்றவன். மாணவர்களுடன் துணைக்குச் சென்றவன் என்ற ஒரே தகுதியால் இன்று உங்கள்முன் நிற்கின்றேன். குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒரு நாள் ஒரு மாணவன் ஒரு படத்தைக் காட்டினான். தாய்நாட்டுப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் உரோமாபுரியின் கொலோசியத்திற்குமுன் வரிசையாக நிற்கும் படம் அது. “ஐயா, நாம் எப்போது ஐரோப்பிய நகரம் ஒன்றைப் பார்ப்போம்?” என்று கேட்டான். அவன் தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள் சென்று வருவதே அக்குடும்பத்திற்குப் பெருஞ்செலவு. அவ்வாறிருக்க, உரோமாபுரிக்கு எங்கே போவது? நாங்கள் சிறிது நேரம் வாயடைத்து நின்றோம். அப்போது எங்கள் தமிழாசிரியர், “தம்பி, ஐரோப்பியர் தமக்கென்றே எழுப்பிய நகரம் ஒன்று நம் வாசலிலேயே இருக்கின்றதே! அடுத்த ஞாயிறு போவோம்” என்றார். இருபத்து மூன்று மாணவர்களும் நாங்கள் நால்வரும் அபர்தீன் படகுத்துறையில் கூடியது இவ்வாறுதான்.

கட்டுச்சோறும் தண்ணீரும் சுமந்து படகேறினோம். கால்மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்டதும் ரோஸ் தீவில் இறங்கினோம். ஒரு சதுர கிலோமீட்டரும் இல்லாத சிறு நிலம். டேனியல் ரோஸ் என்ற கடல் அளவையாளரின் பெயரை அது தாங்கிற்று. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் சூட்டினர். 2024ஆம் ஆண்டில் நம் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று.

அன்பர்களே! 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1858 மார்ச்சு 10ஆம் நாள், ஜே. பி. வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளுடன் இங்கு வந்திறங்கினார். சின்னாட்களில் ரோஸ் தீவே ஆட்சியின் தலைமையிடமாயிற்று. அடர்ந்த காட்டை வெட்டித் திருத்தியவர்கள் கைதிகளே. அவ்வாண்டிலேயே தப்பியோடிப் பிடிபட்ட எண்பதிற்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். அத்தகைய கொடுமையின்மீது எழுந்ததுதான் அந்த அழகிய நகரம். தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், அதிகாரிகளின் மன்றம், நீச்சற்குளம், டென்னிஸ் திடல், ரொட்டிச் சாலை, அச்சகம், மருத்துவமனை, கடைவீதி ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. ‘கிழக்கின் பாரிஸ்’ என்று அதனைப் புகழ்ந்தனர்.

அந்தச் சீர் எண்பது ஆண்டுகளே நின்றது. 1941 ஜூன் 26ஆம் நாள் நிலநடுக்கம் அந்நகரைக் குலுக்கியது. 1942 மார்ச்சு 23ஆம் நாள் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். 1945இல் போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியபோது, தலைமையிடம் மீண்டும் அங்கு அமையவில்லை. இன்று ஆலமரத்தின் வேர்கள் மாளிகைச் சுவர்களைப் பாம்புகள்போற் பின்னிக் கிடக்கின்றன. விருந்து நடந்த கூடத்தில் புள்ளிமான் மேய்கின்றது. பிள்ளைகள் மானுக்குப் பின்னும் மயிலுக்குப் பின்னும் ஓடினர். படம் எடுத்துக்கொண்டனர். உரோமாபுரியைக் கேட்ட மாணவன், “இடிந்திருந்தாலும் நகரம் நகரந்தான்” என்று மனநிறைவு கொண்டான்.

பிறகு கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். அங்கு ஆங்கிலேயர் கல்லறைகள் உள்ளன. பிறந்து சில நாட்களே வாழ்ந்த சிசுக்களுக்கும் பெயரும் நாளும் பொறித்த கற்கள் வைத்திருக்கின்றனர். பெற்றவர் துயரம் யாருடையதாயினும் துயரமே. எங்கள் பிள்ளைகளும் அடங்கிய குரலில் அக்கற்களைப் படித்தனர். அப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை நோக்கி, “மாமா, செங்கல் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லில் இருக்கின்றன?” என்று கேட்டாள்.

எந்தக் கல்லிலும் இல்லை. செல்லுலார் சிறையில் விடுதலை வீரர்களின் பெயர்களைப் பளிங்கில் பொறித்திருக்கின்றனர். அது நாடு செய்த நன்றிக்கடன். ஆயின் ரோஸ் தீவில் காடு வெட்டிச் சுவர் எழுப்பியவர்களுக்கு அங்கு ஒரு கல்லும் இல்லை. சென்னை மாகாணத்திலிருந்தும் கைதிகள் இத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் நம் மொழி பேசியவர்களும் இருந்திருப்பர்.

எங்கள் தமிழாசிரியர் அவ்விடத்திலேயே ஒரு பாடம் நடத்தினார். இலண்டனின் புனித பால் தேவாலயத்தை அமைத்த கிறிஸ்டோபர் ரென் 1723இல் மறைந்து அதனடியிலேயே அடக்கமானார்; அவருடைய நினைவுச்சின்னத்தைக் காண விரும்புவோர் சுற்றிலும் பார்க்குமாறு அங்கு எழுதியுள்ளனர். கி.பி. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலிலோ, குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தச்சனின் பெயர் கல்லில் நிற்கின்றது. ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்களும், அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தனர், எவ்வீட்டில் குடியிருந்தனர் என்பனவும் வெட்டப்பட்டுள்ளன. ஆண்டுக்கு நூறு கலம் நெல் பெற்ற ஒரு பெண்ணின் பெயரை ஆயிரம் ஆண்டு காத்த மரபு நம்முடையது என்று அவர் கூறியபோது, பிள்ளைகள் நிமிர்ந்து நின்றனர்.

நான் மட்டும் தலைகுனிந்து நின்றேன். காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன். என் தந்தையார் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்த கொத்தனார். இந்நகரில் எத்தனையோ சுவர்களை எழுப்பினார். எந்த ஆண்டு வந்தார், எந்தக் கப்பலில் வந்தார், எந்தக் கட்டடங்களில் அவர் கைபட்டது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சிறுவனாய் அவருடன் நடக்கும்போது, “இந்த மதில் நான் வைத்தது” என்று சுட்டிக் காட்டுவார்; நான் காதில் வாங்காமல் ஓடுவேன். இன்று அவருடைய கொத்துக்கரண்டியும் தூக்குக்குண்டும் வீட்டில் இருக்கின்றன. எந்த மதில் என்பது போயிற்று. பெயர் எழுதாத ஆங்கிலேயனைக் குறை கூறுமுன், சொந்தத் தந்தையைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைக்காத என்னை நான் என்ன சொல்வது?

ஆகவே, படகில் திரும்பும்போதே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். ஒவ்வொருவரும் வீட்டில் மூத்தவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? எந்த ஆண்டு, எவ்வாறு வந்தீர்கள்? இங்கு உங்கள் கையால் ஆனது என்ன? விடைகளைத் தமிழில் எழுதிச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும்.

இதுவரை பதினொரு குறிப்பேடுகள் வந்துள்ளன. ஒரு மாணவனின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின் வழியே தாயகம் திரும்பியவர்களுள் சிலர், நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில் இரப்பர்த் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அந்த அம்மையார் அவர்களுள் ஒருவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் வீட்டையும் பத்திரங்களையும் இழந்தார். “என் பெயர் எழுதியிருந்த தாளெல்லாம் கடலுக்குள் போய்விட்டது, நீயாவது எழுதி வை” என்று பேரனிடம் கூறினாராம். அக்குறிப்பேட்டைப் படித்தபோது என் கண்கள் கலங்கின.

அடுத்த விடுமுறையில் தாய்நாடு செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல். மயிலாடுதுறை நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் தரங்கம்பாடிக்குச் செல்லுங்கள். 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை அங்கு இன்றும் நிற்கின்றது. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் அவ்வூரில்தான். அவ்வூர் டேனியரே 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நிக்கோபாருக்கு வந்து குடியேற முயன்று, நோயால் மாண்டனர்; 1868இல் தம் உரிமையை ஆங்கிலேயர்க்கு விற்றனர். அங்கும் கோட்டையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்கட்டும்.

பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை குறிப்பேட்டுடன் வந்து அருகில் அமரும்போது, “அதெல்லாம் எதற்கு?” என்று தட்டிக் கழிக்காதீர்கள். சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே! கேட்கக் கூசாதீர்கள், நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிடாதீர்கள். அடுத்த ஆண்டு விழாவிற்குள் குறிப்பேடுகள் நூறாகுமாயின், அவற்றைத் தொகுத்து அச்சிட்டு வெளியிடச் சங்கம் ஆவன செய்யுமாறு தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!