செல்போன் படமும் சுவரில் மாட்டும் படமும்

(நம் முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். சாப்பாட்டு வாசனை வேறு வர ஆரம்பித்துவிட்டது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். செல்போனில் எடுக்கும் படத்தை நல்ல பிரிண்டாகப் போடுவது எப்படி என்பதுதான் தலைப்பு. "இதுக்கு ஒரு இன்ஜினீயர் வேணுமா, போட்டோ கடைக்காரர் போதாதா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இந்தச் சின்ன விஷயம் எத்தனை வீட்டில் தீராத மனக்குறையாக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிராமத்தில் ஒருவர் தவறிவிட்டால், பந்தல் போடுவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். "நல்ல படம் ஏதாச்சும் இருக்கா?" கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் வேண்டும், காரியத்தன்று படத்திறப்புக்கும் வேண்டும். பேரன் தன் போனைத் தேடுகிறான். வில்லியனூர் தேர்த் திருவிழாவில் எடுத்த கூட்டப் படத்தில் தாத்தா ஓரமாக நிற்கிறார். அதுவும் வாட்ஸ்அப்பில் வந்த படம். அந்த முகத்தை மட்டும் வெட்டி, 12-க்கு 18 அங்குலத்துக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது. கடைக்காரர் பாவம், ஏதோ ஒரு ஏ.ஐ. செயலியில் போட்டுத் 'தெளிவு' பண்ணித் தருகிறார். அந்தச் செயலி இல்லாத கண்ணையும் இல்லாத பல்லையும் தானாக வரைந்து வைக்கிறது. வீட்டுக்கு வந்த படத்தைப் பார்த்துப் பாட்டி சொல்கிறார்: "படம் பளிச்சுனுதான் இருக்கு. ஆனா இது அவரு இல்லையே!"

நண்பர்களே, ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் காலத்தில்தான் ஒரு நல்ல படம் இல்லாமல் போகிறது. ஃபிலிம் ரோலில் 36 படம்தான். ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தோம், கழுவி பிரிண்ட் போட்டோம், ஆல்பத்தில் ஒட்டினோம். இன்று எடுப்பது சுலபம், வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

முதலில் ஒரு சின்ன கணக்கு

நாம் எல்லாரும் கணக்குப் போட்டுத்தானே பாஸ் செய்தோம்! 12 மெகாபிக்சல் படம் என்றால் நீளத்தில் 4000 புள்ளி, அகலத்தில் 3000 புள்ளி. கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் உத்தமம். 4000-ஐ 300-ஆல் வகுத்தால் 13 அங்குலம், 3000-ஐ வகுத்தால் 10 அங்குலம். ஆக, சாதாரண போனில் எடுத்த படம் தாராளமாக 10-க்கு 13 அங்குலம் வரும். சுவரில் மாட்டும் படத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். அதற்கு 150 முதல் 200 புள்ளியே போதும். எனவே 12-க்கு 18-ம் போடலாம்.

இப்போது அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புங்கள். அது படத்தைச் சுருக்கி, நீளப் பக்கத்தைச் சுமார் 1600 புள்ளியாக்கிவிடும். 4-க்கு 5 அங்குலத்துக்கு மேல் போனால் தரம் இறங்க ஆரம்பிக்கும். 12-க்கு 18 போட்டால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. போன் மேல் குற்றம் இல்லை, கடை மேலும் குற்றம் இல்லை. வழியில் தொலைந்துபோனது திரும்பி வராது, அவ்வளவுதான்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று, லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையிலும் மடியிலும் இருக்கும் போன். விரல் எண்ணெய் படிந்திருந்தால் படம் முழுக்கப் புகை மூட்டம்தான். மெல்லிய பருத்தித் துணி போதும்.

இரண்டு, விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். பெரும்பாலும் அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இரண்டு அடி முன்னால் போய் எடுங்கள்.

மூன்று, வெளிச்சம். நம் கிராமத்து வீட்டுத் திண்ணையைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. காலை வெயில் தெருவில் விழும்போது பெரியவரைத் திண்ணை நிழலில், தெருவைப் பார்த்து உட்கார வையுங்கள். முகத்தில் மென்மையான வெளிச்சம் விழும். உச்சி வெயிலில் நிறுத்தினால் கண் குழியில் கறுப்பு விழும். வாசலுக்கு முதுகு காட்டி நின்றால் முகமே இருண்டுவிடும்.

நான்கு, செல்ஃபி கேமராவைவிடப் பின்பக்க கேமராதான் பெரும்பாலான போன்களில் தரமானது. அழகுபடுத்தும் 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுங்கள். அது தோலை மெழுகிவிடும். அம்மாவின் முகச் சுருக்கம்தான் அம்மா. அதை அழித்துவிட்டு எதை மாட்டுவது?

ஐந்து, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். போன் படம் 4-க்கு 3 கணக்கு. கடையில் போடும் 4-க்கு 6 அங்குலப் படம் 3-க்கு 2 கணக்கு. இரண்டும் பொருந்தாததால், படுக்கைவாட்டில் எடுத்த படத்தில் மேலும் கீழும் வெட்டுப்படும். "தலையை வெட்டிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவது இதனால்தான். 6-க்கு 8 என்று கேட்டால் படம் முழுசாக வரும்.

கடைக்குப் போகும்போது

படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். ஒரு புள்ளிகூடக் குறையாது. எச்.டி. என்ற வசதி 2023-இல் வந்தது. அது சாதாரண வழியைவிட மேல், ஆனால் அதுவும் கொஞ்சம் சுருக்கும். பென்டிரைவில் எடுத்துப் போவது இன்னும் நல்லது. ஸ்டேட்டஸில் பார்த்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போவது மட்டும் வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஜேபெக்காக மாற்றி எடுத்துப் போங்கள். ஐபோனின் ஹெய்க் கோப்பு சில கடைக் கம்ப்யூட்டரில் திறக்காது.

இன்னொன்று. போன் திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் வெளிச்சத்தை வாங்கித்தான் காட்டுகிறது. அதனால் பிரிண்ட் எப்போதும் சற்று இருட்டாகத் தெரியும். திரையின் ஒளியைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அப்போதும் முகம் நன்றாகத் தெரிந்தால் பிரிண்டிலும் தெரியும். பெரிய படம் போடுவதற்கு முன் ஒரு 4-க்கு 6 போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு டீ செலவில் பெரிய செலவு மிச்சம்.

கடைகளில் மூன்று விதமான பிரிண்ட் உண்டு. முதலாவது லேபில் போடுவது. ஒளி உணரும் வெள்ளி உப்புக் காகிதத்தில் ஒளியைப் பாய்ச்சி, ரசாயனத்தில் கழுவி எடுப்பது. இரண்டாவது, பாஸ்போர்ட் படம் உடனே தரும் சின்ன இயந்திரம். சாய நாடாவைச் சூடாக்கிக் காகிதத்தில் ஏற்றி, மேலே ஒரு மெல்லிய காப்புப் படலமும் போடும். மூன்றாவது, மை தெளிக்கும் இங்க்ஜெட். இதிலும் சாய மை என்றும், நுண்துகள் மை என்றும் இரண்டு உண்டு. நுண்துகள் மை தண்ணீரையும் வெளிச்சத்தையும் அதிகம் தாங்கும். "இது லேப் பிரிண்டா, இங்க்ஜெட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கலர் ஜெராக்ஸை போட்டோ என்று வாங்கி வராதீர்கள்.

தண்ணீர் வந்தால்

இதை நம் ஊரில் சொல்லாமல் இருக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. அரிசியும் பாயும் மறுபடி வாங்கிவிடலாம். சுவரில் இருந்த கல்யாணப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

லேபில் போட்ட படம் நனைந்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, படப் பக்கத்தை விரலால் தொடாமல், வெள்ளைத் துணிமேல் நிழலில் காய வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைக் காய விடாமல் தண்ணீரில் வைத்தே பிரிக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டிய வேலை இது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம். முதலில் கண்ணாடியோடு சேர்த்தே நன்றாகப் படம் எடுத்துவிடுங்கள். சாய மை இங்க்ஜெட் படத்தைத் தண்ணீரில் போடவே கூடாது, கரைந்துவிடும். ஃபிரேம் போடும்போதே கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஓர் அட்டை விளிம்பு வைக்கச் சொன்னால் ஒட்டும் தொல்லை குறையும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

பழைய படத்தைப் பத்திரப்படுத்தப் போனில் எடுப்பதைவிட ஸ்கேன் செய்வது மேல். பாஸ்போர்ட் படம் 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர்தான். அதை 1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 5-க்கு 7 அங்குலம் வரை போடலாம். வழக்கமான 300-இல் செய்தால் அதே அளவில்தான் நிற்கும்.

நண்பர்களே, பாகூர் என்றால் செப்பேடு நினைவுக்கு வர வேண்டும். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததை அது சொல்கிறது. செம்பில் வெட்டியதால்தான் அந்தக் கல்லூரி இருந்ததே நமக்குத் தெரிகிறது. நம் நகரத்தில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பாதுகாத்து வருகிறது. சாமிக்கு ஆவணம் இருக்கிறது. நம் சனங்களுக்கு யார் வைப்பது?

அதனால் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கொம்யூனிலும் ஒவ்வொரு கிராமம். நம்மில் பத்துப் பேர், நல்ல போன் இரண்டு, ஒரு நாற்காலி, ஒரு திண்ணை. அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் ஒரு படம். பதினைந்து நாளில் 6-க்கு 8 லேப் பிரிண்ட் அவர்கள் கையில். உயிரோடு இருக்கும்போதே, அவர்களே பார்த்து, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரிக்கும்படியாக. செலவில் முதல் கிராமத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த கிராமத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் சாப்பாட்டுப் பந்தியிலேயே என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.