வக்கீலின்றி வழக்கிடல்
(நமது சங்கத்தின் பரவைக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கோர்ட்டு வாசலை மிதிப்பது குடியைக் கெடுக்குமென்று நம் முன்னோர் அஞ்சினர். ஐம்பது ரூபாய்க் கடனுக்கு நூறு ரூபாய் செலவிட்டு, வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே வறியராவதைக் கண்டவர்கள் அவர்கள். ஆதலின் நமக்குள் எழும் பிணக்குகளைச் சங்கத்துப் பெரியோர் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளுகிறோம். அது நல்வழக்கமே. ஆயின், அயலூர் வியாபாரியும் தூரதேசத்துக் கம்பெனியும் நம் பெரியோர் சொல்லுக்குக் கட்டுப்படுவரோ? அங்கே நஷ்டமடைந்தால் விதியென்று நொந்து வாளாவிருக்கிறோம். நமது மௌனமே அவர்க்கு ஆதாயமாகிறது.

இக்குறையை நீக்கவே 1986-ஆம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. இப்பொழுது அமலிலிருப்பது 2019-ஆம் ஆண்டின் சட்டம். இதன்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வையாது நாமே பிராது கொடுக்கலாம். இணைய வழியாகவும் அனுப்பலாம். நாம் கொடுத்த கிரயம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை அவ்வாணையமே விசாரிக்கும். விற்றவர் டில்லியிலிருப்பினும், நாம் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்கிடலாம்.

பரவைச் சந்தையில் மறுவிற்பனைக்குச் சரக்கெடுக்கும் வியாபாரி இச்சட்டப்படி நுகர்வோராகார். ஆனால் ஒரு கைம்பெண் தன் ஜீவனத்துக்காகத் தானே தைக்கும்பொருட்டு வாங்கிய தையல் இயந்திரம் குறையுடையதாயின், அவர் நுகர்வோரே. இதனை நம் மாதர் மறவாதிருப்பாராக.

முதற்கண் விற்றவருக்குக் குறையை எழுதி, தவணை குறித்து, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கு அத்தாட்சி பெறுக. 1915 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் சொல்லினும் சில வேளை தீர்வு கிடைக்கும். பயனில்லையேல் பிராது எழுதுக. இருதரப்பார் விலாசம், வாங்கிய தேதி, கொடுத்த தொகை, நேர்ந்த குறை, வேண்டும் பரிகாரம் ஆகியவற்றைத் தெளிவாக வரைந்து, ரசீது நகலும் பிரமாண வாக்குமூலமும் சேர்க்க வேண்டும். வழக்குக்குக் காரணம் நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் இதனைச் செய்தல் அவசியம்.

எதிர்த்தரப்பார் பதிலுரைக்க 30 நாளும், ஆணையம் இசைந்தால் மேலும் 15 நாளும் உண்டு. சரக்கைச் சோதிக்க வேண்டாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயலவேண்டுமென்பது சட்டம். நடைமுறையில் தாமதம் நேர்வதுண்டு என்பதையும் மறையாது சொல்லுகிறோம், பொறுமை வேண்டும். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்குச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கைமாற்றுக் கடன் இதிற் சேராது. அதற்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுச்செய்தால், இருதரப்பாரும் இசையுமிடத்து மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமாதானம் பெறலாம். அது கோர்ட்டு டிக்கிரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் இல்லை.

அன்பர்களே! நம்மவருள் பலர் ரசீது கேட்க நாணுகின்றனர்; கேட்டுப் பெற்றவரும் அதனைப் பேணுவதில்லை. அத்தாட்சியில்லாத நியாயம் எந்த நீதிமன்றத்திலும் நிற்பது அரிது. ஆதலின் வீட்டுக்கொரு பெட்டியில் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கல்வி கற்ற நம் வாலிபர்கள், எழுதத் தெரியாத முதியோர்க்குப் பிராது எழுதிக் கொடுக்க மாதம் ஒருநாள் சங்கத்தில் வந்து அமர்வார்களாக. சமூக அபிவிருத்தி என்று நாம் மேடைதோறும் பேசுவதற்கு இதுவும் ஒரு செய்கையாகும்.