குழந்தையின் கையில் கணினி



தொடக்கப் பள்ளியில் பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு தட்டைக் கணினி வேண்டுமா என்னும் வினா இன்று பெற்றோரிடையிலும் ஆசிரியரிடையிலும் எழுந்துள்ளது. கட்டணம் வாங்கும் பள்ளிகள் சில, சேர்க்கை விளம்பரத்திலேயே இதனை ஒரு சிறப்பாகச் சொல்லிக்கொள்ளுகின்றன. "ஏழைக் குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்பவர் நியாயத்தையே கேட்கின்றனர், அவர்களை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால், ஐந்து வயது முதல் பத்து வயது வரையில் ஒரு குழந்தை கற்க வேண்டுவது யாது என்று முதலில் தெளிந்துகொண்டால், கருவியைப்பற்றிய வழக்குப் பாதி தீர்ந்துவிடும் என்று கருதுகிறேன்.

எழுதும் கருவி மாறுவது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். ஓலையும் எழுத்தாணியும் இருந்தன, பின்னர்ச் சிலேட்டும் பலப்பமும் வந்தன, அதன்பின் காகிதம். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லப் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அஃது இங்கிலாந்தில் பரவிற்று. மணலுக்கு விலையில்லை, பிழையைப் புறங்கையால் அழித்துவிடலாம். இவ்விரண்டையும் எல்லாரும் சொல்லுவர். விரல் நுனியை மணல் சற்றே எதிர்த்து நின்றது என்பதுதான் இவற்றினும் பெரிது. எழுத்தின் வளைவைக் கண் அறியுமுன் கை அறிந்தது. கண்ணாடித் திரையில் அந்த எதிர்ப்பு இல்லை.

இது பழமைப் பற்றினால் கூறுவதன்று. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளைக் கொண்டு பிரான்சு நாட்டில் செய்த ஓர் ஆராய்ச்சி 2005இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் எழுத்துக்களைக் கையால் எழுதிக் கற்றனர். மற்றப் பிரிவினர் விசைப்பலகையில் தட்டிக் கற்றனர். அவருள் சற்று மூத்த குழந்தைகளில், கையால் எழுதியவர்களே எழுத்துக்களை நன்கு இனங்கண்டனர். 2012இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தார் ஐந்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தனர். தாமே முயன்று எழுதிப் பழகிய எழுத்தைப் பார்க்கும்போது, படித்தலுக்குத் துணைபுரியும் மூளைப் பகுதிகள் விழித்தெழுந்தன. தட்டிப் பழகிய எழுத்தும், புள்ளிக் கோட்டின்மேல் வரைந்து பழகிய எழுத்தும் அந்த அளவுக்கு அவற்றை எழுப்பவில்லை. குழந்தைகளுக்கென்று விற்கப்படும் செயலிகள் பலவற்றில் புள்ளிக் கோட்டின்மேல் விரலை ஓட்டுவதே எழுத்துப் பயிற்சியாக இருப்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

அச்சோதனைகள் உரோமன் எழுத்துக்களைப்பற்றியவை; தமிழுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. ஆயினும், தமிழில் கையின் வேலை மிகுதியேயன்றிக் குறைவில்லை. 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியில் ககர மெய் முன்னும் ஒகரம் பின்னும் நிற்கின்றன. எழுதும் குழந்தையோ முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால் என்று மூன்று உருவங்களை வரைய வேண்டும். காது ஒரு வரிசையைக் கேட்கிறது. கை வேறொரு வரிசையில் செல்கிறது. இந்த முரணை வென்ற குழந்தைக்குத்தான் உயிர்மெய் விளங்கும். தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் 'கொ' முழுதாக வந்து நிற்கிறது. எனக்கும் உங்களுக்கும் அது பெருவசதி. ஏழு வயதுப் பிள்ளைக்கு, கற்க வேண்டிய வேலையையே கருவி செய்துவிடுகிறது.

குழந்தைக்கு ஒரு கணினி என்னும் திட்டத்தைப் பெருமளவில் நடத்திப் பார்த்த நாடு தென் அமெரிக்காவிலுள்ள பெரு. நூறு டாலர் விலையில் மடிக்கணினி என்று 2005இல் உலகுக்கு அறிவித்தார்கள். விலை அதனினும் உயர்ந்துபோயிற்று. பெரு நாடு பல இலட்சக்கணக்கில் வாங்கிற்று. 300க்கு மேற்பட்ட சிற்றூர்ப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, கணிதத்திலும் மொழியிலும் அப்பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது பயன் காணப்பட்டது. பெரும்பாலான பள்ளிகளில் இணைய இணைப்பு இல்லை. கருவியைக் கொண்டு எதனை எவ்வாறு கற்பிப்பது என்பதில் ஆசிரியருக்குப் போதிய பயிற்சியும் இல்லை. பெட்டி வந்தது, பாடம் வரவில்லை. செல்வம் மிக்க சுவீடனும் மழலையர் பள்ளிகளில் மின்கருவியைக் கட்டாயமாக்கிய முடிவை 2023இல் கைவிட்டு, அச்சுப் புத்தகத்திற்குப் பணம் ஒதுக்கியது.

நம் மாநிலம் கற்ற பாடம் வேறு வகையானது. 2020 மார்ச்சு மாதத்தில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. முதல் வகுப்பை முடிக்குமுன் வீடு சென்ற குழந்தை, மூன்றாம் வகுப்பு மாணவனாக வகுப்பறைக்குள் நுழைந்தான். இடைக்காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் கைப்பேசியில் பாடம் அனுப்பினார்கள். பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. காலையில் அது தந்தையின் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். அவர் இரவு திரும்பும்போது குழந்தை உறங்கிவிடும். விழித்திருந்தாலோ, மூத்த பிள்ளையின் பத்தாம் வகுப்புப் பாடத்திற்கே முதலிடம். 'தனிக்கருவி' என்று நாம் சொல்லுவது ஏழை வீட்டில் தனிக்கருவியாக இருப்பதேயில்லை. அது குடும்பச் சொத்து. கொடுக்கும் அரசும் இதனை உணர்ந்து கொடுக்க வேண்டும்.

அவ்வாறாயின் கருவியே வேண்டாவோ? அப்படிச் சொல்ல மாட்டேன். 2022இல் நம் மாநிலத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பித்தார்கள். இரண்டே ஆசிரியர் ஐந்து வகுப்புக்களைப் பார்க்கும் பள்ளியில், அரும்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும்போது மலர்ப் பிள்ளைகள் யாது செய்வர்? அங்கே ஒரு கருவி, நாலு குழந்தைகள் கூடிக் கதை கேட்க உதவும். இன்னொரு பயனும் உண்டு. ஒரு சிற்றூர்ப் பள்ளியில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படித்ததை ஆசிரியை பதிவுசெய்து அவளுக்கே போட்டுக் காட்டினார். 'மழை' என்பதைத் தான் 'மளை' என்று படித்ததைச் சிறுமி தானே கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். யாரும் திருத்தவில்லை. அதற்கு ஒரு வகுப்புக்கு ஒரு கருவி போதும். வானொலியும் ஒரு காலத்தில் பள்ளிக்குள் அவ்வாறே நுழைந்தது. ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு வகுப்பே உட்கார்ந்து கேட்டது. வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் புகழ்கிறான் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நிருவாகத்தாருக்கு ஒரு சொல். காணாமற்போனால் தலைமையாசிரியர் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தால், கருவி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும், வெளியே வராது. தேய்மானத்தையும் உடைவையும் சிலேட்டு உடைவதைப்போல் எண்ணிக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். பழுது பார்க்கும் கடை எத்தனை மைலில் உளது என்பதையும் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி வேண்டாம் என்று நான் கூறுவதில் ஒரு விலக்கு உண்டு. கண்பார்வை குன்றிய குழந்தைக்கு, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரை தமையன் கைப்பிடித்து நடத்துவது போன்றது. பேச்சு வராத குழந்தை, படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்கிறது. அவர்களுடைய கருவி அவர்களுக்கே உரியது. வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டியது. பிறருக்குப் பங்கிடத் தகாதது. அக்கருவிக்கு மின்னேற்றும் இணைப்புப் பின்சுவரில் இருக்கிறது என்பதற்காக அக்குழந்தையைக் கடைசி வரிசையில் உட்கார்த்துவதை நான் கண்டிருக்கிறேன். முன்வரிசைக்கு அருகில் ஓர் இணைப்புப் பொருத்த ஒரு நாள் வேலைகூட ஆகாது.