அக்காவோட மீன்பிடி ட்ரிப்: 80 பவுண்டுக்குள்ள என்னென்ன வரும்?

போன வாரம் எபிசோட் வரலை. ஆபீஸ்ல ரிலீஸ், அதான் முடியலைன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா உண்மை அது இல்லை. எனக்கும் எங்க அக்காவுக்கும் சண்டை. பத்து நாள் பேச்சே கிடையாது. சண்டைக்குக் காரணம் ஒரு மீன்பிடி ட்ரிப், அதுவும் இன்னும் போகாத ட்ரிப். இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான். "என் பேரைச் சொல்லாதே, மத்ததை எப்படி வேணா சொல்லிக்கோ"ன்னு சொல்லிட்டா.

முதல்ல இது என்ன மாதிரி ட்ரிப்புன்னு சொல்லிடறேன். நான் இருக்கிறது வாட்டர்லூ, அக்கா மிசிசாகா. ஒன்டாரியோ மாகாணத்தோட வடக்குப் பக்கம் போனீங்கன்னா ரோடு ஒரு கட்டத்துல தீர்ந்துடும். அதுக்கு மேல காடும் ஏரியும்தான். அந்த ஏரிகள்ல சிலதுக்குப் போக ஒரே வழி, சக்கரத்துக்குப் பதிலா மிதவை வெச்ச குட்டி விமானம். தண்ணியிலிருந்தே கிளம்பும், தண்ணியிலேயே இறங்கும். கரையில ஒரு மரக் கேபின், ஒரு அலுமினியப் படகு, ஒரு சின்ன மோட்டார். உங்களையும் மூட்டை முடிச்சையும் இறக்கி விட்டுட்டு விமானம் போயிடும். சொன்ன தேதிக்குத்தான் திரும்பி வரும். நடுவுல டவர் கிடையாது, கடை கிடையாது, பக்கத்து வீடு கிடையாது.

எங்க பிளான்: டொரன்டோல இருந்து தண்டர் பே வரைக்கும் ஃபிளைட். அங்க கார் எடுத்து 527-ஆம் நெடுஞ்சாலையில வடக்கே சுமார் 240 கிலோமீட்டர், ஆர்ம்ஸ்ட்ராங்ங்கிற சின்ன ஊர். வழியில பெட்ரோல் பங்கை நம்பக் கூடாது, டேங்க்கை நிரப்பிட்டுத்தான் கிளம்பணும். அங்கிருந்து பீவர் விமானம். இந்த பீவர் 1947-ல முதல்முதலா பறந்தது. 1967-க்கு அப்புறம் புதுசா செய்யவே இல்லை. அதாவது நாங்க ஏறப்போற விமானத்துக்கு எங்க அப்பா வயசுக்கு மேல இருக்கும். அம்மாகிட்ட இதைச் சொல்லலை.

மீன் பிடிக்கிற ஆசை அக்காவுடையது. திருச்சியில வளர்ந்தோம், லீவுக்கு தாத்தா வீடு, கொள்ளிடக் கரையில. மூங்கில் குச்சி, நரம்பு, மண்புழு. நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தூண்டிலைத் தூக்கிப் பார்ப்பேன், ஒண்ணும் மாட்டாது. அக்கா அசையாம உட்கார்ந்திருப்பா. கெளுத்தி, கெண்டை, ஒரு தடவை முழங்கை நீள விரால். அந்த விராலோட எடுத்த போட்டோ இன்னும் வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. அதுல அவளுக்கு 11 வயசு.

அடுத்த வருஷம் அவளுக்கு டைப் 1 சர்க்கரைன்னு தெரிஞ்சது. எனக்கு அப்ப எட்டு. வீட்டுல சொந்தக்காரங்ககிட்ட "வீக்னஸ், அதான் ஊசி"ன்னு சொல்லச் சொன்னாங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும், பொண்ணு, நாளைக்குக் கல்யாணம் பேசணும். அதோட ஊட்டி ஸ்கூல் டூர் போச்சு, என்சிசி கேம்ப் போச்சு, கொள்ளிடமும் போச்சு. "தண்ணிக்குள்ள மயக்கம் வந்தா?" அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு வீட்டுல யார்கிட்டயும் பதில் இல்லை.

இப்ப அவளுக்கு 32. தனியா இருக்கா, தனியா எல்லாம் பார்த்துக்கறா. ஜனவரியில ஒரு நாள் போன் பண்ணி, "ஆகஸ்ட் கடைசியில அஞ்சு நாள் லீவு போடு, ஏரிக்குப் போறோம், நாம ரெண்டு பேர் மட்டும்"னா. ஏன் ஆகஸ்ட்னா, ஜூன்ல மீன் நல்லா கிடைக்கும், ஆனா கூடவே கொசுவும் கருப்பு ஈயும் உங்களை உயிரோட விடாது.

நானும் குஷியா கிளம்பிட்டேன். ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். என் ஸ்ப்ரெட்ஷீட்டைப் பத்தி இந்த ஷோவைத் தொடர்ந்து கேட்கறவங்களுக்குத் தெரியும். இந்த ட்ரிப்போட மொத்த விளையாட்டே எடைதான். எங்களுக்குச் சொன்ன கணக்கு ஆளுக்கு 80 பவுண்ட், கிட்டத்தட்ட 36 கிலோ. சாப்பாடு, தூங்குற பை, தூண்டில், மழைக்கோட்டு எல்லாம் அதுக்குள்ள. மேகம் இறங்கிடுச்சுன்னா விமானம் வராது, கண்ணுக்கு வழி தெரிஞ்சாதான் பறப்பாங்க. அதனால ரெண்டு நாள் சாப்பாடு கூடுதலா இருக்கணும். அரிசி, பருப்பு, ரசப்பொடின்னு ஒவ்வொண்ணையும் கிச்சன் தராசுல வெச்சு கிராம்ல எழுதினேன். கடைசி வரிசையில "அக்கா மருந்து"ன்னு போட்டு எடைக்கு நேரா ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறி என்னைத் தூங்க விடலை. ராத்திரி ரெண்டு மணிக்கு அவளுக்கு சர்க்கரை இறங்கி நினைவு போச்சுன்னா? சேட்டிலைட் மெசஞ்சர் ஒண்ணு வாடகைக்கு எடுக்கறோம், எஸ்ஓஎஸ் பட்டன் இருக்கு. பட்டனை அமுக்கினா செய்தி போயிடும். ஆனா செய்தி போறது வேற, ஆள் வந்து சேர்றது வேற. ராத்திரியில பீவர் வராது. விடியணும், வானம் தெளியணும்.

நான் என்ன பண்ணேன்னா, விமான கம்பெனிக்கு அக்காவுக்குத் தெரியாம ஒரு மெயில் போட்டேன். "என் சகோதரிக்கு உடல்நிலை சரியில்லை, தனி கேபின் வேண்டாம், ஊழியர்கள் இருக்கிற லாட்ஜுக்கு மாத்த முடியுமா?" லாட்ஜ்னா நம்ம பஸ் ஸ்டாண்ட் லாட்ஜ் இல்லைங்க, அதே மாதிரி காட்டு ஏரிதான், ஆனா சமையல்காரர், கைடு எல்லாம் இருப்பாங்க. அவங்க ரொம்ப மரியாதையா பதில் போட்டாங்க. புக்கிங் அக்கா பேர்ல இருந்ததால அவளையும் சேர்த்து.

போன் வந்தது. கத்தலை. "எனக்கு என்ன உடம்பு சரியில்லை? சொல்லு"ன்னா. நான் முழிச்சேன். "நீயும் அம்மா மாதிரிதானாடா"ன்னு கேட்டுட்டு வெச்சுட்டா. அவ்வளவுதான், பத்து நாள்.

பதினோராவது நாள் நானே மிசிசாகாவுக்குப் போனேன். காபி போட்டுக் கொடுத்தா. அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. "சரி, லாட்ஜ்ல சமையல்காரர் இருக்கார். எனக்கு நினைவு போச்சுன்னா அவர் என்ன பண்ணுவார்?" யோசிச்சுப் பார்த்தேன். அவரும் அதே ரேடியோவை எடுப்பார், அதே விமானத்துக்குக் காத்திருப்பார். "அந்த நேரத்துல எனக்கு வேண்டியது டாக்டர் இல்லைடா. பக்கத்துல இருக்கிறவனுக்கு என்ன பண்ணணும்னு தெரிஞ்சா போதும். உனக்குத் தெரியுமா?"

தெரியாது. இருபது வருஷம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல இன்சுலின் இருந்து நான் பார்க்காத நாள் இல்லை. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கலை, நானும் கேட்கலை.

அவளும் ஒண்ணு மறைச்சிருந்தா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி நிஜமாவே நினைவு போயிருக்கு. கீழ் வீட்டு அம்மாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்காங்க. எங்க யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா ஊருக்குத் திரும்பி வான்னு சொல்லுவீங்கன்னு சொல்லலைன்னா. அவ சொன்னதுல தப்பு இல்லை. நாங்க அப்படித்தான் சொல்லியிருப்போம்.

அன்னைக்குத்தான் பிளானிங் உண்மையில ஆரம்பிச்சது. குளூககான்னு ஒரு மருந்து, இப்ப மூக்குல அடிக்கிற மாதிரியே கிடைக்குது. ஒரு குழாய், ஒரு அமுக்கு. நினைவு இல்லாதவங்க வாயில ஜூஸ் ஊத்தக் கூடாது, புரை ஏறிடும். மருந்தை மூக்குல அடிச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், உதவிக்குச் செய்தி அனுப்பணும். அக்கா சோபாவுல மயங்கின மாதிரி படுத்துக்கிட்டா, நான் காலி குழாயை வெச்சுப் பயிற்சி பண்ணேன். முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்குக் கை நடுங்குச்சு.

இன்சுலின் ரெண்டு பங்கு. ஒண்ணு அவ பையில, ஒண்ணு என் பையில. ஒரு பை ஏரியில விழுந்தாலும் இன்னொண்ணு இருக்கும். நம்ம சர்வர்ல பண்ற அதே வேலைதான், ஆனா இங்க டவுன் ஆனா டிக்கெட் போட முடியாது. கேபின்ல புரோபேன் கேஸ்ல ஓடுற ஃப்ரிட்ஜ். அதுல குளிர் ஒரே சீரா இருக்காது, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல வெச்சா உறைஞ்சுடும். உறைஞ்ச இன்சுலினை உருக்கிப் பயன்படுத்த முடியாது, தூக்கித்தான் போடணும். அதனால ஒரு சின்ன தெர்மாமீட்டர் உள்ளே. படகுல போகும்போது வெயில் படாத பை.

அவ கையில ஒட்டியிருக்கிற சென்சார் ப்ளூடூத்ல அவ போனுக்கு நம்பர் அனுப்பும், அதுக்கு நெட் வேண்டாம். ஆனா அடுத்தவங்க போன்ல பார்க்கிற வசதிக்கு நெட் வேணும், அது ஏரியில செத்துடும். அதனால கேபின்ல ஒரே அறையில படுக்கணும், அலாரம் எனக்கும் கேட்கணும். நாள் முழுக்கத் துடுப்பு, மோட்டார்னு உழைச்சா சர்க்கரை அப்பவே இறங்கணும்னு இல்லை, ராத்திரி தூக்கத்துலயும் இறங்கும். படுக்கும்போது நம்பர் என்னன்னு அவ சத்தமாச் சொல்லிட்டுத்தான் விளக்கை அணைக்கணும்.

நான் வெச்ச நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. ரெண்டு தடவை வாந்தி எடுத்தா, "பார்க்கலாம், சரியாயிடும்"னு உட்காரக் கூடாது, பகல் வெளிச்சம் இருக்கும்போதே விமானத்தைக் கூப்பிடணும். சாப்பாடு நிக்காம, இன்சுலினும் கணக்கு தப்பினா, அது மூக்குல அடிக்கிற மருந்தோட முடியற விஷயம் இல்லை. அரை மணி நேரம் வாதாடிட்டு ஒத்துக்கிட்டா. பதிலுக்கு அவ நிபந்தனை: "அம்மாகிட்ட நான்தான் சொல்வேன். நீ வாயைத் திறக்காதே."

கேபின் அதேதான், லாட்ஜ் இல்லை. ஆனா ஒரு மணி நேரம் பறக்கிற ஏரியை விட்டுட்டு இருபத்தஞ்சு நிமிஷத்துல இருக்கிற ஏரிக்கு மாத்தினோம், இது அவளே சொன்னது. விமானத்துல லைஃப் ஜாக்கெட் போட்டே உட்காரணும், ஆனா உள்ளே இருக்கும்போது ஊதக் கூடாது. விமானம் கவிழ்ந்தா ஊதின ஜாக்கெட் உங்களை மேல்பக்கம் ஒட்ட வெச்சுடும், கதவுக்கு நீந்திப் போக முடியாது. இதையும் ரெண்டு பேரும் படிச்சுக்கிட்டோம்.

ஒரு சின்ன சைடு டிராக். இன்சுலின் ஊசி முதல்ல ஒரு மனுஷனுக்குப் போட்டது 1922 ஜனவரியில, டொரன்டோ ஆஸ்பத்திரியில, 14 வயசு லியோனார்ட் தாம்சன்ங்கிற பையனுக்கு. பீவர் விமானம் செஞ்சதும் டொரன்டோதான், டவுன்ஸ்வியூல. அக்காகிட்ட சொன்னேன். "சரி, ரெண்டுக்கும் நன்றி சொல்லிட்டு அரிசியைக் குறை, எடை தாண்டுது"ன்னா.

மீன் விஷயத்துக்கு வந்தா, இலக்கு பிக்கரல், வால்ஐன்னும் சொல்வாங்க. முழு லைசன்ஸ்ல ஆளுக்கு 4, கன்சர்வேஷன் லைசன்ஸ்ல 2. ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கிறதும் அந்தக் கணக்குல சேரும். எங்களுக்கு ரெண்டு ரெண்டு போதும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு கலந்து ஒரு டப்பா, 140 கிராம். மீன் சுத்தம் பண்ண கழிவைக் கேபின் பக்கத்துல போடக் கூடாது, கரடி வரும். பைக்னு இன்னொரு மீன் இருக்கு, பல்லு பயங்கரமா இருக்கும், நரம்பையே அறுத்துடும். "ஏரியில பைக் பிடிக்கப் போறோம்"னு அம்மாகிட்ட உளறிட்டேன், அம்மா "ஹெல்மெட் போட்டுக்கோ"ன்னாங்க.

அம்மாகிட்ட முழு விஷயத்தை அக்கா இன்னும் சொல்லலை. இந்த எபிசோட் வர்றதுக்குள்ள சொல்லிடறேன்னு சொல்லியிருக்கா. அக்கா, கேட்டுக்கிட்டு இருந்தா, இது வெள்ளிக்கிழமை வருது.

போன வாரம் அவ சென்சார் நம்பரை என் போனுக்கும் ஷேர் பண்ணியிருக்கா, ஏரியில வேலை செய்யாதுன்னு தெரிஞ்சேதான். முந்தாநாள் ராத்திரி 2:40-க்கு அலாரம் அடிச்சது. 3.6. இங்க 4-க்குக் கீழ போனா குறைவு. நம்ம ஊர்க் கணக்குல சுமார் 65. போன் பண்ணேன். மூணாவது ரிங்ல எடுத்தா. வாயில ஏதோ மெல்லுற சத்தம். "குளுக்கோஸ் மாத்திரை போட்டுட்டேன். பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பார்ப்பேன். நீ தூங்கு"ன்னா. தூங்கலை. 2:55-க்கு 4.4 வந்துச்சு.

ஸ்ப்ரெட்ஷீட்ல கேள்விக்குறி போயிடுச்சு. ஜூஸ் டப்பா, மாத்திரை, ஸ்ட்ரிப், பவர் பேங்க், எல்லாம் சேர்த்து 3 கிலோ 200 கிராம். அதுக்கு ஈடா என் கேமரா ட்ரைபாடை எடுக்கச் சொல்றா, நான் அவளோட ரெண்டாவது தூண்டில் பெட்டியை எடுக்கச் சொல்றேன். இன்னும் முடிவாகலை. உங்க ஓட்டு யாருக்குன்னு எழுதுங்க. செப்டம்பர் முதல் வாரம் திரும்பி வந்து சந்திக்கறேன், விமானம் நேரத்துக்கு வந்தா.