மகளிர் உரிமையும் கடல் கடந்த சகோதரத்துவமும்





பொன்விழாக் கருத்தரங்கில் மகளிர் பிரிவின் சார்பில் பேச வாய்ப்பளித்தமைக்கு எங்கள் நன்றி. ஐம்பது ஆண்டுகளில் இந்தச் சங்கம் மதரஸா வகுப்பு, கல்வி உதவித் தொகை, நோன்புக் கஞ்சி, ஜனாஸா உதவி என்று பல நற்பணிகளைச் செய்திருக்கிறது. அவற்றில் பெண்களின் உழைப்பு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று நாங்கள் பேச வந்தது அந்த உழைப்பைப் பற்றி அல்ல, உரிமையைப் பற்றி.

'பெண்ணுரிமை' என்றவுடன் இது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அல்முஜாதலா'. வாதாடிய பெண் என்பது அதன் கருத்து. கவ்லா பின்த் தஃலபா (ரலி) என்ற பெண்மணி, கணவர் தமக்கிழைத்த அநீதியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டு வாதாடினார். அவருடைய முறையீட்டுக்கு வஹீ மூலம் பதில் வந்தது. முறையிடுவது நம் மார்க்கத்தில் அவமரியாதை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் வாழும் சிங்கப்பூரின் கதையையும் சற்று நினைத்துப் பார்ப்போம். 1950களில் இங்கு முஸ்லிம் திருமணங்களில் பாதிக்கு மேல் மணவிலக்கில் முடிந்த ஆண்டுகள் உண்டு. தலாக் சொல்லப்பட்ட பெண் குழந்தைகளோடு தெருவில் நின்றாள். இந்த அவலத்தைக் கண்டு எழுந்தவர்கள் பெண்களே. சே ஜஹாரா பிந்தி நூர் முகம்மது 1947இல் மலாய்ப் பெண்கள் நலச் சங்கத்தைத் தொடங்கி, ஆதரவற்ற பெண்களுக்கும் அநாதைகளுக்கும் அடைக்கலம் தந்தார். 1952இல் இளம் பெண்கள் 22 பேர் கூடி, இன்று 'பிபிஐஎஸ்' என்று நாம் அறியும் முஸ்லிம் பெண்கள் சங்கத்தை அமைத்தனர். அதை நிறுவியவர்களில் ஒருவரான கதீஜுன் நிஸா சிராஜ், பின்னர் ஷரீஆ நீதிமன்றத்தில் பணியாற்றி எத்தனையோ குடும்பங்களுக்கு வழிகாட்டினார். அதே 1952இல் சிங்கப்பூர் மகளிர் மன்றமும் உருவாயிற்று. அதன் செயலாளர் ஷிரின் ஃபோஸ்தார் பம்பாயில் பிறந்தவர்; பஹாய் சமயத்தவர். மலாய்க்காரர், இந்தியர், சீனர், அரபியர் என்று எல்லாப் பெண்களும் ஒரே கோரிக்கையை வெவ்வேறு வாசல்களில் தட்டினார்கள்.

பலன் கிடைத்தது. 1957இல் முஸ்லிம்கள் சட்டம் வந்தது. 1958இல் ஷரீஆ நீதிமன்றம் திறந்தது. அடுத்து வந்த திருத்தங்கள் இரண்டாம் திருமணத்தை விசாரணைக்கு உட்படுத்தின. மணவிலக்குகள் குறையத் தொடங்கின. மார்க்கம் அழிந்துவிடவில்லை, குடும்பங்கள் நிலைத்தன. ஆகவே, இங்கே இன்று ஒரு பெண் நீதிமன்ற வாசலில் நின்று ஜீவனாம்சம் கேட்க முடிகிறது என்றால், அது யாரும் தானாகக் கொடுத்த பரிசு அல்ல.

சகோதர சகோதரிகளே! நம் கதை இந்தத் தீவோடு முடிவதில்லை. நம் முன்னோர் நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் கப்பலேறி வந்தார்கள். பெரும்பாலோர் தனியாக வந்தார்கள். மனைவிமார் ஊரில் இருந்தார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்களில் பலர் குடும்பத்தோடு வந்தது ஒரு விதிவிலக்கு. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அந்தப் பெண்கள் மசாலா இடித்து விற்றுப் பிழைப்பில் பங்கு கொண்டார்கள். அந்த ஊரின் பெயரால் இன்றும் இங்கே ஒரு தெரு இருக்கிறது. ஆனால் ஊரில் தங்கிவிட்ட பெண்களின் பெயரால் எந்தத் தெருவும் இல்லை. கடிதத்துக்கும் மணியார்டருக்கும் காத்திருந்தே அவர்களில் பலருக்கு வயது போயிற்று. கடிதமும் நின்று, பணமும் நின்று, மணவிலக்கும் இல்லாமல் வாழ்ந்தவர்களும் உண்டு.

இந்தத் துயரத்துக்கு மார்க்க அறிஞர்கள் ஒரு காலத்தில் எப்படி வழி தேடினார்கள் என்பது நாம் அறிய வேண்டிய வரலாறு. பிரிட்டிஷ் இந்தியாவில் ஹனஃபி சட்டப்படி, கணவன் காணாமற் போனாலும் செலவுக்குக் கொடுக்காவிட்டாலும் பெண் விடுதலை பெறுவது மிக அரிதாக இருந்தது. மதம் மாறினால் திருமணம் முறியும் என்பதால், பஞ்சாபில் சில பெண்கள் இஸ்லாத்தையே விட்டு வெளியேறினர். இதைக் கண்டு கலங்கிய மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள், ஹிஜாஸிலிருந்த மாலிகி மத்ஹப் அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்களது தீர்ப்புகளைக் கொண்டு ஒரு நூலை ஆக்கினார். 1939இல் வந்த முஸ்லிம் மணமுறிவுச் சட்டத்துக்கு அந்த முயற்சி அடிகோலியது. கணவன் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமற் போனாலோ, இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ பெண் நீதிமன்றத்தை அணுகலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. ஒரு நாட்டுப் பெண்ணின் கண்ணீருக்கு இன்னொரு நாட்டின் அறிஞர், வேறொரு மத்ஹபிலிருந்து விடை தந்தார். எல்லை கடந்த ஒத்துழைப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இன்று அதே பணியைப் பெண்களே செய்கிறார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கணவன் மனைவி வழக்கை ஜமாஅத் விசாரிக்கும். ஆனால் அந்த அவையில் பெண் உட்கார முடியாது. தன் வழக்கைத் தன் வாயால் சொல்ல முடியாத நிலையை எதிர்த்து, புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முயற்சியால் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவாயிற்று. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பம் தேவையில்லை. அதைத் திருத்தக் கோரி அந்நாட்டு முஸ்லிம் பெண்கள் பல்லாண்டுகளாக உழைத்து வருகிறார்கள். நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் அமைந்த குழு, 2018இல்தான் அறிக்கை அளித்தது என்பதிலிருந்தே அவர்களுடைய பொறுமையை நாம் அளந்துகொள்ளலாம். அண்டையிலுள்ள கோலாலம்பூரில் 2009இல் 47 நாடுகளின் பேராளர்கள் கூடி 'முஸாவா' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். அவர்களுடைய எல்லாக் கருத்துகளிலும் நம் உலமாக்களுக்கு உடன்பாடு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு நாட்டில் நடந்த சீர்திருத்தத்தை இன்னொரு நாட்டுப் பெண் தெரிந்துகொண்டு தன் ஊரில் கேள்வி கேட்கும் அந்த முறையை நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு சிறு விஷயம் சொல்கிறோம். நாங்கள் பேசிய இலங்கைச் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் ஒரு தமிழ்ச் சொல் அப்படியே இருக்கிறது. அந்தச் சொல் 'கைக்கூலி'. மாப்பிள்ளைக்குக் கொடுத்த அந்தப் பணத்தை மனைவி திரும்பக் கேட்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. சட்டப் புத்தகத்துக்கு நம் சமூகம் கொடுத்த சொல் மகர் அல்ல, கைக்கூலி! மகர் ஆண் கொடுக்க வேண்டியது, பெண்ணுக்கே உரியது. நாம் அதைப் பெயரளவில் எழுதிவிட்டு, நகையும் ரொக்கமும் எதிர்த்திசையில் வாங்குகிறோம். சிங்கப்பூர் மாப்பிள்ளை என்றால் தொகை கூடுகிறது என்பது இந்த அரங்கில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. அங்கே பெண்கள் எதை எதிர்த்துப் போராடுகிறார்களோ, அதன் விலையை ஏற்றுவதில் இங்குள்ள நமக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி நன்கொடை அல்ல. இங்கிருந்து போகும் அநீதியை நிறுத்துவதே.

பொன்விழா ஆண்டில் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, நம் உறுப்பினர் குடும்பத்து ஆண் ஊரில் பெண்ணெடுக்கும்போது, அவருக்கு ஏற்கெனவே திருமணம் உண்டா, வேலை என்ன, இருப்பிடம் எது என்று பெண் வீட்டார் கேட்டால், விசாரித்து எழுத்தில் பதில் தரச் சங்கம் முன்வர வேண்டும். ஊரில் நடக்கும் நிக்காஹ் இங்குள்ள பதிவேட்டில் தானாக ஏறிவிடுவதில்லை. ஒரு கடிதம் ஒரு பெண்ணின் வாழ்வைக் காக்கும்.

இரண்டாவது, கைக்கூலி வாங்கும் திருமணத்துக்குச் சங்கத்தின் பெயரில் வாழ்த்தும் இல்லை, பொறுப்பாளர் வருகையும் இல்லை என்று தீர்மானம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, குடும்பப் பிணக்குகளைச் சங்கம் சமரசம் செய்யும்போது, அந்த அமர்வில் குறைந்தது இரண்டு பெண்கள் இடம்பெற வேண்டும். தேநீர் கொடுப்பதற்காக அல்ல. தீர்ப்பில் கருத்துச் சொல்வதற்காக.

நான்காவது, மகர், குல்உ, ஃபஸ்கு, இத்தாக் கால ஜீவனாம்சம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவை பற்றிச் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை எளிய தமிழில் ஒரு கையேடாக்க வேண்டும். எழுதும் பொறுப்பை மகளிர் பிரிவு ஏற்கும். சரிபார்க்கும் பொறுப்பை உலமாக்களும் வழக்கறிஞர்களும் ஏற்றால் போதும்.

1938இல் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டபோது, உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். முஸ்லிம் பெண் எழுதுவதா என்று ஊரில் கேட்டவர்களும் உண்டு. அவர் எழுதினார். கேட்டவர்களின் பேத்திகள் இன்று மருத்துவர்களாகவும் ஆசிரியைகளாகவும் வழக்கறிஞர்களாகவும் இருக்கிறார்கள். இன்று எங்கள் வேண்டுகோள்களைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருந்தால், அவர்களோடு எங்களுக்குப் பகை இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்மக்களுக்காகவும் சேர்த்தே நாங்கள் கேட்கிறோம்.

நம் உரிமையை அறிந்து, பிறர் உரிமையைப் பேணி, நீதியின் பக்கம் நிற்கும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.