கனவிலும் விழித்திருப்போம்



மாசிமகத் தேருக்காக மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் புறப்படும் நாளில், "விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும்" என்று எண்ணிப் படுக்கிறோம். மணிக்கூடு அடிக்குமுன்னே கண் திறக்கிறது. நாம் உறங்கினாலும் நம் எண்ணம் உறங்குவதில்லை.

இவ்வெண்ணத்தைக் கனவுக்குள்ளும் செலுத்தலாம். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என உயிரின் நிலைகளை ஐந்தாக வகுத்தது சைவசித்தாந்தம். கனவினுள்ளே நனவின் அறிவு நிற்கக்கூடும் என்பதை விஞ்ஞானமும் கண்டது. 1975ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்பவர் நடத்திய ஆராய்ச்சியில், தாம் காண்பது கனவென்று உணர்ந்த ஒருவர், உறக்கம் கலையாமலே, முன்பு பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்து அடையாளம் காட்டினார்.

பயிற்சி எளிது. காலையில் எழுந்ததும் கண்ட கனவை எழுதி வைப்போம். இரவில் படுக்குமுன், "அடுத்த கனவில், இது கனவென்று அறிவேன்" என்று உறுதி கொள்வோம். அவ்வாறு அறிந்துகொண்டதாகவே மனத்தில் பாவிப்போம். ஓரிரவில் கைகூடாவிடினும் சோர வேண்டாம். இதன்பொருட்டு நித்திரையைக் குறைத்தலும் ஆகாது.

இதனாற் பயன் யாது? கொடுங்கனவு கண்டு அலறும் பிள்ளையை நாம் ஏசுகிறோம். ஏசாது, இதைச் சொல்லிக் கொடுப்போம். துரத்துவது கனவே என்று அறிந்த பிள்ளை ஓடாது திரும்பி நிற்கும். திரும்பி நிற்கப் பழகிய நெஞ்சு பகலிலும் நமக்கு வேண்டுமன்றோ!